ஸ்பிரிங் அடக்கி: ஒரு வெற்றி வரலாறு

மனித நாகரிகம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளில் தொடங்கியது என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. பிழை. சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, "அடுத்து என்ன செய்யலாம்?" என்று ஒரு மனிதர் இடுப்பில் கைவைத்து நின்ற நாளில்தான் அது உண்மையில் தொடங்கியது. அந்த மனிதர் என் அத்தான்.

இந்த வரலாற்றை எழுதும் தகுதி எனக்கு உண்டு. நான் அக்காவின் தம்பி. அத்தான் வீட்டு மாடியறையில் வசிப்பவன். 'பழங்கார் பாதுகாப்பு மன்ற'த்தின் செயலாளர். அதற்கு முன் ஒரு சரக்குக் கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். பெட்டிகளை இடது சுவரிலிருந்து வலது சுவருக்கு மாற்றும் வேலை. பகல் ஆள் அவற்றை வலது சுவரிலிருந்து இடது சுவருக்கு மாற்றுவதை ஒருநாள் தற்செயலாகப் பார்த்துவிட்டு, நின்றுவிட்டேன். அதன்பின் என்னிடம் நேரம் நிறைய இருந்தது. செயலாளர் பதவிக்கு வேறு தகுதி எதுவும் கேட்கப்படவில்லை.

கார் எங்கள் அப்பாவுடையது. முன்பக்கம் உருண்டு, கன்னம் உப்பி, எந்நேரமும் எதையோ மெல்லுவதுபோல் இருக்கும். அப்பா போகும்போது காரை அக்காவுக்கு விட்டுப்போனார். எனக்கு அக்காவை விட்டுப்போனார். கிடைத்ததை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று இருவருமே நினைத்தோம். எனக்கு மட்டும் முடிந்தது.

அந்தக் கார் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. மன்றத்தின் செயலாளராக இருந்துகொண்டு இப்படிப் பச்சையாக எழுதுவதற்கு உறுப்பினர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் வரலாறு என்றால் உண்மை வேண்டும். ஓடியது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் எங்கிருந்தோ 'கீச்' என்று ஒரு சத்தம்.

"முன் சஸ்பென்ஷன் போயிடுச்சு" என்றார் அத்தான்.

"சத்தம்தானேங்க வருது?" என்றாள் அக்கா.

"சத்தம்கிறது சாதாரணமா? இன்னிக்கு கீச்சுங்கும். நாளைக்கு சக்கரம் தனியா ஓடும்."

"அப்ப மெக்கானிக்கிட்ட காட்டிடலாமே."

அத்தான் அவளை, கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இந்த வண்டிய இன்னொருத்தன் தொடுறதா? இது என் வண்டி."

"எங்கப்பா வண்டிங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அன்று மாலையே கார் முட்டுக்கட்டைகள் மேல் ஏறியது. அத்தான் ஓர் அலுவலகத்தில் திட்டமிடல் பிரிவில் இருக்கிறார். அவர் பிரிவு திட்டமிட்ட எதுவும் இதுவரை நடந்ததில்லை. அதனால் எதுவும் தவறாகவும் நடந்ததில்லை. அப்பேர்ப்பட்ட அனுபவம் முழுவதும் எங்கள் வீட்டு ஷெட்டுக்குள் இறங்கியது.

மன்றத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். தலைவர், காப்பீட்டுத் துறையில் விபத்து வண்டிகளைப் பார்வையிட்டு 'இனிப் பயன்படாது' என்று எழுதி ஓய்வு பெற்றவர். துணைத்தலைவர் பல் டாக்டர். மன்றத்துக்கு இரண்டே விதிகள். கடையில் வாங்கிய கருவியால் எந்த உறுப்பினரும் தன் காரைத் தொடக்கூடாது; கருவியைத் தானே செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, 'வண்டி ஓடுதா?' என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. நாகரிகமான இடங்களில் 'சம்பளம் எவ்வளவு?' என்று கேட்பதில்லையே, அதுபோல. 'இப்ப என்ன கருவி செய்றீங்க?' என்றுதான் விசாரிக்க வேண்டும்.

கூட்டத்துக்கு எல்லோரும் பஸ்ஸில் வருவார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் ஒருமுறை தாமதமாக, கையில் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார்.

"எதுல வந்தீங்க?" என்றார் தலைவர்.

"கார்லதான்."

"யார் கார்?"

"என் கார்தாங்க. ஓடுது."

பல் டாக்டர் மெதுவாக, நோயாளியிடம் கேட்பதுபோல் கேட்டார்: "எப்ப இருந்து?"

அவருடைய உறுப்பினர் தகுதி அன்றே நீக்கப்பட்டது. தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போகச் சொன்னோம். நாங்கள் மனிதாபிமானம் இல்லாதவர்கள் அல்ல.

இனி அத்தானின் சாதனைகள். முதலில் அவர் செய்தது 'புஷ் உருவி'. சக்கரத்தைத் தாங்கும் கை இரும்பின் முனையில் இறுகிப்போயிருக்கும் ரப்பர் உருளையை வெளியே தள்ளுவதற்கு. ஒரு நீளமான போல்ட், அதற்கு இரண்டு நட்டு, ஒரு துண்டுக் குழாய். குழாய் குளியலறையிலிருந்து வந்தது. அன்று முதல் நாங்கள் வாளியில் தண்ணீர் தூக்கினோம். நாங்கள் என்று எழுதுவது வழக்கம் கருதி. அக்கா தூக்கினாள்.

அடுத்தது 'மூட்டு பிரிப்பான்'. சக்கரத்தைக் கை இரும்போடு இணைக்கும் பால் ஜாயின்ட்டைப் பிரித்தெடுக்க, நாக்கு பிளந்த ஓர் இரும்புக் கவை. இதற்குத் தேவையான கெட்டி இரும்பு சமையலறைக் கதவின் தாழ்ப்பாளில் இருப்பதை அத்தான் ஒரு பார்வையில் கண்டுகொண்டார். தாழ்ப்பாள் இல்லாத கதவைக் காற்று வரும்போதெல்லாம் அக்கா காலால் பிடித்துக்கொண்டு சமைக்கப் பழகிக்கொண்டாள். மனித உடலின் வாய்ப்புகள் இப்படித்தான் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன.

பிறகு, அந்தக் கவையைச் செய்யும்போது இரும்பை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு கருவி. அந்தக் கருவியை மேசையோடு பிணைக்க இன்னொன்று. மேசையைச் செய்ய, துணி தேய்க்கும் பலகை.

"என்னங்க, தையல் மிஷினோட கால் எங்க?"

"கால் எங்கயும் போகல. முன்னேறியிருக்கு."

இதற்கிடையே ஒருநாள் ஸ்பிரிங் தானாக வெளியேறியது. மன்றக் குறிப்பில் நான் எழுதியது அப்படித்தான். நடந்ததைச் சொன்னால், முன்சக்கரத்தின் மேல் வண்டியின் மொத்த எடையையும் தாங்கி, அமுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது ஒரு சுருள். அதை அடக்கிப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். அதை இன்னும் செய்யவில்லை என்பதால், அத்தான் துணி காயப்போடும் கயிற்றால் நான்கு சுற்றுச் சுற்றி, ஒரு நட்டைத் தளர்த்திப் 'பார்த்தார்'. சுருள் ஷெட் கூரைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போய், தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியது. அத்தானின் ஒரு பக்கப் புருவம் கொஞ்ச காலத்துக்கு இல்லை.

"உசுரு போயிருக்கும்!" என்று அக்கா ஓடிவந்தாள்.

"கயிறு மட்டம்" என்றார் அத்தான்.

தலைவர் நேரில் வந்து கூரைத் துளையைப் பார்வையிட்டார். "அருமையா வெளிய வந்திருக்கு. இனி உள்ள போறதுதான் கேள்வி. அதுக்கு ஒரு ஸ்பிரிங் அடக்கி வேணும்."

இப்படித்தான் அந்த மகத்தான கருவிக்குக் கால்கோள் இடப்பட்டது.

இங்கே அக்காவின் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரலாற்றின் ஓட்டத்துக்கு இது இடையூறுதான். அவள் ரத்தப் பரிசோதனைக்குப் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு பல இடங்களிலிருந்து வேலை வந்தது. ஒவ்வொரு முறையும் அத்தான், "போகலாம், தாராளமா போ. வண்டி ரெடியாகட்டும்" என்றார். அனுமதி மறுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் அவர் பக்கம்தான் பேசினேன். அக்கா வேலைக்குப் போனால் மாடிக்குச் சாப்பாடு யார் கொண்டுவருவது?

இப்போது நகரத்தைத் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆய்வக வேலை. திங்கட்கிழமை விடியற்காலை முறைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த வருஷம் என்றால் அவளுக்கு வயது தாண்டிவிடும். பிறகு எந்த ஆஸ்பத்திரியும் எடுக்காது.

அக்கா இதை எங்கள் ஷெட்டில் நடந்த மன்றக் கூட்டத்துக்கு நடுவில், தேநீர்க் கோப்பைகளை எடுத்துப்போகத் தட்டோடு வந்து சொன்னாள்.

"நல்ல சேதிம்மா" என்றார் தலைவர். "ஆனா அவசரப்படக்கூடாது."

"எனக்கு ஓட்டத் தெரியும்ணே. வண்டிய இறக்கி வெச்சா போதும்." சொல்லிவிட்டு, தட்டை என் மடியில் வைத்தாள். காரின் கதவைத் திறந்தாள். கால் பெடலுக்கு எட்டுகிறதா என்று பார்ப்பதற்காக ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

கீச்.

முன்பக்கம் சக்கரங்கள் இல்லை. ஸ்பிரிங் இல்லை. புஷ் இல்லை. கார் கட்டைகள் மேல் கல்லாக நிற்கிறது.

அக்கா சற்றே எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். கீச்.

"சீட்டுங்க" என்றாள். "சீட்டுக்கு அடியில வருது."

பல் டாக்டர் தேநீரை ஊதினார். அது ஆறி வெகுநேரமாகியிருந்தது. கடைசியில் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இது வேற கீச்சு."

"ஆமா, இது வேற" என்றார் அத்தான், கரை கண்டவர்போல. "இது மெல்லிசு. அது கொஞ்சம் கட்டைக்குரல்."

'இருக்கையிலிருந்து வருவது தனிப்பட்ட ஒலி. அதற்கும் முன் சஸ்பென்ஷனுக்கும் தொடர்பில்லை' என்று தீர்மானம் நிறைவேறியது. நான் வழிமொழிந்தேன்.

அக்கா காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடி வழியாகவே பேசினாள். "சரி, வேற கீச்சாவே இருக்கட்டும். ஞாயித்துக்கெழமைக்குள்ள எடுத்ததையெல்லாம் எடுத்த எடத்துல மாட்டிடுங்க. நான் ஒண்ணும் புதுசா கேக்கல. இருந்த மாதிரி வெச்சுக் குடுங்கன்னுதான் கேக்கறேன்."

"மாட்டணும்னா ஸ்பிரிங்க அடக்கணும்."

"அடக்குங்க."

"அதுக்குத்தானே கருவி செய்யப்போறேன்!" அத்தானின் கண்கள் பளபளத்தன. முதல் தடவையாக அவருடைய மனைவி அவரிடம் ஒரு கருவி கேட்டிருக்கிறாள். அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார்.

"கடையில கெடைக்கும்னு சொன்னாங்க. வாடகைக்கே தருவாங்களாம்" என்றாள் அக்கா.

பல் டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

அந்த வாரம் அத்தான் அலுவலகத்துக்கு விடுப்பு போட்டார். ஜன்னல் கம்பியை அறுத்து மரை வெட்டி நீண்ட தண்டு செய்தார். தண்டைத் திருகினால் ஸ்பிரிங்கை மேலிருந்தும் கீழிருந்தும் கவ்வி அமுக்க இரண்டு தட்டுகள் வேண்டும். மேல் தட்டு சிக்கலில்லை. கிரைண்டர் கல்லின் இரும்புக் காப்பு பொருந்தியது. கீழ்த்தட்டுதான் தகராறு. சுருளின் வளைவுக்கு ஏற்ற வளைவு வேண்டும், வளையாத கனமும் வேண்டும். இரும்பு வாணலியை வைத்துப் பார்த்தார். வாணலி நசுங்கித் தட்டையாகிவிட்டது. சாக்கடை மூடியை வைத்துப் பார்த்தார். தெருவில் ஒருவர் விழுந்தார்.

"மாப்ளே, இந்த வளைவு எங்கயோ பாத்திருக்கேனே" என்று சனிக்கிழமை மதியம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வீட்டைச் சுற்றினார். பாத்திர அலமாரியைத் தட்டினார். என் கட்டிலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஷெட்டிலிருந்து ஒரு கூவல்.

"கெடச்சிருச்சு! அச்சா பொருந்துது! அளந்து செஞ்ச மாதிரி!"

ஓடினேன். அத்தான் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கை இரும்பு, அதன் நடுவில் கிண்ணம்போல் குழிந்த பாகம். ஸ்பிரிங் உட்காருவதற்காகவே காரைச் செய்தவர்கள் செய்த இடம்.

"என்னா கனம் பாரு. வளைவு பாரு. வெளிய எவன் செய்வான் இப்படி? பிடி மாப்ளே."

நான் கையிரும்பைப் பிடித்துக்கொண்டேன். அவரே செய்த அறுப்புக் கருவியிலிருந்து பொறி பறந்தது. பெரிய மனிதர்களின் பெரிய தருணங்களில் பக்கத்தில் நின்று எதையாவது பிடித்துக்கொண்டிருக்க ஒருவன் வேண்டும். வாயைத் திறக்காமல் இருப்பவனாக வேண்டும். அந்தத் தகுதியிலும் எனக்குக் குறைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மன்றம் முழுவதும் ஷெட்டில் கூடியது. அக்கா காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போட வேண்டிய வெள்ளைக் கோட்டைத் தேய்த்து வைத்திருந்தாள். பலகை இல்லாததால் தரையில் போர்வை விரித்து, முழங்காலில் நின்று.

அத்தான் ஸ்பிரிங்கைக் கருவிக்குள் வைத்தார். ஸ்பானரால் திருகினார். சுருள் ஒரு முனகலோடு அமுங்கத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக, இரு பக்கமும் சமமாக, ஒரு வளையம் இன்னொன்றின் மேல் படிந்து, கடைசியில் பணிந்து அடங்கியது. கயிறு இல்லை. துள்ளல் இல்லை. புருவம் பத்திரம். கைதட்டல் எழுந்தது. பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது மாதிரி ஒண்ணு என் கிளினிக்லயும் இருந்தா நல்லாருக்கும்" என்றார். எதற்கு என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

"சரி, மாட்டுங்க" என்றாள் அக்கா.

"எத?"

"ஸ்பிரிங்க."

"எங்க?"

இது எதிர்க்கேள்வி அல்ல, உண்மையான சந்தேகம். அத்தான் அமுங்கிய ஸ்பிரிங்கைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டு காரை நோக்கித் திரும்பியவர், அப்படியே நின்றுவிட்டார். ஸ்பிரிங் உட்கார வேண்டிய இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாக ஷெட்டின் தரை சுத்தமாகத் தெரிந்தது.

"அந்த எடம் எங்கங்க?" என்றாள் அக்கா.

அத்தான் கையிலிருந்த கருவியின் கீழ்த்தட்டைக் கண்ணால் காட்டினார். "இதோ. பத்திரமா இருக்கு."

"அத எடுத்து அங்க வைக்கலாம்ல?"

"எடுத்தா ஸ்பிரிங் பாஞ்சிரும்."

"எடுக்கலன்னா?"

"மாட்ட எடமில்ல."

தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "இது ரொம்ப ஆழமான பிரச்சினை. இதுக்காகவே ஒரு தனிக் கூட்டம் போடணும். அம்மா, நீங்க கவலைப்படாதீங்க. கை இரும்புதானே? செஞ்சுக்கலாம். அதைச் செய்ய என்னென்ன கருவி வேணும்னு மட்டும்—"

அக்கா கத்தவில்லை. அதை மன்றம் சம்மதம் என்று பதிவு செய்தது. அவள் உள்ளே போய் யாருக்கோ போன் செய்தாள். நாங்கள் கருவியோடு குழுவாகப் படம் எடுத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை, இன்னும் தெருவிளக்கு அணையவில்லை. வாசலில் பழைய இரும்பு ஏற்றும் லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அக்கா வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, டிரைவரிடம் ஷெட்டைக் காட்டினாள்.

"இதாங்க வண்டி. எடுத்துக்கங்க."

"வெல பேசலியேக்கா?"

"வெல வேணாம். என்னை ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி விட்டுடுங்க."

சத்தம் கேட்டு அத்தான் பனியனோடு ஓடிவந்தார். "ஏய், என்ன பண்றே! அது உங்கப்பா வண்டி!"

"இப்பவாச்சும் ஞாபகம் வந்துச்சே" என்றாள் அக்கா.

அத்தானை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர் வழிமறித்தார், அது உண்மை. ஆனால் முன்சக்கரங்கள் இல்லாத காரை லாரியில் எப்படி ஏற்றுவார்கள் என்ற கேள்வி எழுந்த கணமே, அவருக்குள் இருந்த கலைஞன் விழித்துக்கொண்டான். "இருங்க, இருங்க. இப்படித் தூக்கினா அடி வாங்கும். ரெண்டு உருளை, ஒரு சாய்வு... மாப்ளே, பென்சில் கொண்டா." அவர் சுவரில் படம் வரைந்து, கோணத்தைச் சரிபார்த்துத் திரும்பியபோது, டிரைவர் கொக்கியை மாட்டி, காரைத் தூக்கி வைத்து, பின்கதவையும் அடைத்துவிட்டிருந்தார்.

அக்கா முன்னால் ஏறிக்கொண்டாள். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாளோ என்னவோ.

"மத்தியானத்துக்கு என்னக்கா இருக்கு?" என்றேன்.

லாரி கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் நேரத்துக்குச் சேர்ந்துவிட்டதாகப் பகலில் தகவல் வந்தது. கூட வேலை செய்யும் ஒருத்தியின் அறையில் தங்கிக்கொள்வதாகவும், இப்போதைக்கு வரப்போவதில்லை என்றும்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். பொருள்: 'அக்காவைத் திரும்பப் பெறுதல்'. தேநீர் வழங்கப்படவில்லை. எப்படிப் போடுவதென்று யாருக்கும் தெரியாததால்.

"இறுகிப்போன ஜாயின்ட் மாதிரிதான் இது" என்றார் தலைவர். "பலவந்தம் கூடாது. சூடு காட்டலாம்."

"புடுங்கி எடுக்கற புல்லர் மாதிரி ஏதாச்சும்..." என்று ஆரம்பித்த பல் டாக்டர், தொழில் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

அத்தான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்கே என்னவோபோல் இருந்தது. பசியும் ஒரு காரணமாக இருக்கலாம். "அத்தான், ஒரு பஸ் பிடிச்சுப் போய், தப்புதான், மன்னிச்சிருன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்" என்றேன்.

கார் போன ஷெட்டில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"நேராவா?" என்றார் அத்தான்.

"நேரா."

"வெறுங்கையோடயா?"

தலைவர் பெருந்தன்மையோடு என் தோளில் தட்டினார். "தம்பி சொல்றது நல்ல யோசனைதான். மன்னிப்புக் கேட்டுடலாம். ஆனா எடுத்த எடுப்புல வாயால கேக்கறதா? மொதல்ல அதுக்குத் தோதா ஒண்ணு செய்யணும்." பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

அத்தானின் முகத்தில் ரத்தம் திரும்பியது. எழுந்து அளவுநாடாவை எடுத்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வழக்கம்போல் நான்தான் வழிமொழிந்தேன். அவருடைய கைத்திறனை அறிந்தவன் என்ற முறையில் ஓர் உறுதி மட்டும் தர முடியும். அந்தக் கருவி மிகச் சிறப்பாக அமையும். ஒரு மனிதன் தன் மனைவியிடம் போய்ப் பேசாமலிருக்க, ஆயுசு முழுவதும் தேயாமல் உழைக்கும்.